வெள்ளிக்கிழமைச் சமையல்

"பால் ஊத்தாமப் பாயாசமா? ஏட்டி, இதுக்குப் பாயாசம்னு ஒன் கூட்டத்துல எவ பேரு வச்சா?"

"தேங்காப்பால் ஊத்தலாம்மா. அதுவும் பால்தானே?"

"வக்கணையாப் பேசு. நெய்யும் கிடையாது?"

"கிடையாது."

"அப்போ முந்திரியை எதுல வறுக்க? ஒங்கப்பன் தலையிலயா?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த சேசுராஜ் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "என் தலையில தேங்காயெண்ணெய்தான் இருக்கு. ஒம் மக சட்டத்துக்கு ஆகும். தைரியமா வறு."

லிசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். சேசம்மாளின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிக்கவில்லைதான். ஆனால் துடித்தது!

இந்த வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் அன்று அம்மா வைத்த ஆட்டுக்கறிக் குழம்பை "இனிமே எனக்கு வேண்டாம்மா" என்று லிசா தள்ளி வைத்தாளே, அன்றிலிருந்து தாராவியின் அந்த ஒற்றை அறை வீட்டில் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டது எல்லாம் "தண்ணி வந்துட்டா?", "கேஸ் சொல்லியாச்சா?" அவ்வளவுதான்.

லிசாவுக்குக் காரணம் இருந்தது. காட்கோபரில் கண்ணாடிக் கடை வேலை முடிந்து வரும்போது, சயான் சிக்னலில் பக்கத்தில் நின்ற சைக்கிளில் கோழிகளைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் ஒன்றின் இறக்கை அவள் முழங்காலில் உரசியது. சூடாக இருந்தது. அந்தச் சூடு அவளை விடவில்லை. அப்புறம்தான் மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் 'ஹரா நிவாலா', அதாவது பச்சைக் கவளம், என்று எழுதிய பச்சைச் சட்டைக்காரர்களைப் பார்த்தாள். விலங்குகளுக்காகப் பேசுகிறவர்கள். கறி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லாமல் செடியும் கொடியும் தருவதைச் சாப்பிட்டுப் பாருங்கள் என்று போகிற வருகிறவர்களைக் கூப்பிடுகிறவர்கள். அடுத்த வாரமே அவளும் ஒரு பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள்.

சேசம்மாளுக்கும் காரணம் இருந்தது. அவளுக்கு ஆட்டின் மேலோ கோழியின் மேலோ சண்டை இல்லை. தன் கையால் வைத்த குழம்பை மகள் வேண்டாம் என்றுவிட்டாள். அதுதான் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் பச்சைச் சட்டைக்காரர்கள் செம்பூர் ஹாலில் ஊருக்கு வைக்கும் இலவச விருந்துக்குச் சமைக்க ஒப்புக்கொண்டவர் போன வாரம் கடைசி நேரத்தில் கைவிரித்தார். கூட்டத்தில் எல்லாரும் முழித்துக்கொண்டிருக்க, லிசா யோசிக்காமல் கையைத் தூக்கினாள். "எங்க அம்மா சமைப்பாங்க!"

வீட்டுக்கு வந்து பயந்து பயந்து சொன்னாள். சேசம்மாள் நிமிர்ந்தே பார்க்காமல், "எத்தனை பேருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

இன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை. அம்மாவின் கை ருசியை இன்றைக்கு அவர்கள் எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடிவிட்டால் போதும், கிறிஸ்துமஸ் குழம்பு இந்த வீட்டை விட்டுப் போய்விடும் என்று லிசா நம்பினாள். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம்.

"ஒங்க கூட்டத்துத் தலைவி மெஹக் மேடம் இந்தப் பக்கம் வந்தா நான் பட்டறையைப் பூட்டிட்டு ஓடிரணுமோ?" சேசுராஜ் கேட்டார். பக்கத்து கலியில், அடுத்த சந்தில்தான், அவருடைய பட்டறை. தோல் பை தைக்கிற வேலை.

"அவங்க யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கப்பா. போன மாசம் ஸ்டேஷன்ல ஒரு ஆளு கையில சிக்கன் ரோலை வச்சுக்கிட்டு, வேணும்னே அவங்க மூஞ்சிக்கு நேரா நின்னு தின்னான். என்ன செஞ்சாங்க தெரியுமா? வாயில ஒட்டியிருக்குன்னு டிஷ்யூ குடுத்தாங்க. அந்தாளு பக்கத்துல உக்காந்து அரை மணி நேரம் பேசிட்டுப் போனான்!"

"மாறிட்டானா?"

"இல்ல. ஆனா அடுத்த வாரம் வந்து ஹாய் சொன்னான்."

"பரவாயில்லையே! எனக்கு என் சொந்தத் தம்பியே ஹாய் சொல்ல மாட்டான்."

லிசா செருப்பை மாட்டினாள். மாட்டுங்கா மார்க்கெட்டில் தேங்காயும் காய்கறியும் வாங்கிக்கொண்டு அவள் நேராக செம்பூர் போக வேண்டும். சமையல் தாராவி மாதா கோயில் பின்கட்டு அடுப்பில். பாயாசத்தை மட்டும் சூடாக ஹாலிலேயே வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. முடிந்ததும் கரீம் பாட்சாவின் டெம்போவில் சேசம்மாள் அண்டாக்களோடு வந்துவிடுவாள்.

"ஏட்டி, ஓடாத. பலாக்கா குழம்பை எப்படி வைக்கன்னு தெளிவாச் சொல்லிட்டுப் போ."

லிசாவின் ஒரு கால் ஏற்கெனவே கலியில் இருந்தது. "தவக்கால வெள்ளிக்கிழமைக்கு எப்படி வைப்பியோ அப்படியே வையேன்மா! சுத்தபோசனம். பால், நெய், முட்டை மட்டும் கூடாது, அவ்ளோதான்!"

"அவ்வளவுதானா? இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்கு மண்டையை உடைக்கப்போறேன்?" சேசம்மாளின் முகம் தெளிந்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டு அடுப்பில் இறைச்சி ஏறாது. வயசுக்கு வந்த நாளிலிருந்து அவள் கடைப்பிடிக்கிற நோன்பு. அவளுக்கு அத்துப்படி.

"ருசியா இருக்கணும்மா! கறி திங்கிறவன் ஒரு வாய் வச்சா கறியையே மறந்துரணும்!"

"அதை என்கிட்ட விடு. நீ ட்ரெயினைப் பிடி."

லிசா பறந்தாள்.

மாட்டுங்கா மார்க்கெட்டில் வெங்கடராமன் ஏற்கெனவே வந்து தேங்காய்களை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். வேட்டி, அதற்கு மேல் பச்சை டி-ஷர்ட். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர். அப்பா காலத்திலிருந்தே மாட்டுங்காவாசி.

"வாம்மா லிசா! அம்மா அடுப்பு பத்த வச்சாச்சா?"

"வச்சாச்சு சார். நீங்க காப்பி குடிச்சீங்களா?"

"குடிச்சேன். கறுப்பு. கஷாயம் மாதிரி." அவர் முகம் கோணிப்போனது. "ஜன்மத்துல நான் மாமிசம் தொட்டவன் இல்லை, அதுல என்ன பெருமை? ஆனா பாலை விட்டேன் பாரு, அது தபஸ். தயிர் இல்லாம இலையை விட்டு எழுந்துக்கறது எப்படின்னு என் ஆத்துக்காரி தினம் கேக்கறா. நானும் தினம் பதில் தேடிண்டிருக்கேன்."

"பழையபடி பால் குடிக்கலாம்லா சார்? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"மாட்டுத் தபேலாவுல, தாய்கிட்ட பால் குடிக்க விடாம கட்டிப்போட்டிருந்த கன்னுக்குட்டியைப் பார்த்துட்டேனே அம்மா. பார்த்ததைப் பார்க்காதவனாட்டம் எப்படி இருக்கறது?"

சயான் சிக்னலில் தன் முழங்காலில் பட்ட சூடும் இவர் பார்த்த கன்றுக்குட்டியும் எங்கோ ஒரே இடத்தில்தான் இருக்கின்றன என்று லிசாவுக்குத் தோன்றியது. இந்த மனிதரோடு தானும் ஒரே சட்டை போட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவள் தேங்காய்ச் சாக்கைத் தானே தூக்கிக்கொண்டாள்.

செம்பூர் ஹாலில் மெஹக் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனி, இரவு ஷிஃப்ட். முடித்துவிட்டுத் தூங்காமல் நேராக இங்கே வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் வாய் ஓயவில்லை. நாற்காலி அந்தப் பக்கம், தட்டு இந்தப் பக்கம், பேனர் கோணல், யாராவது ஸ்டூல் கொண்டுவாருங்கள். அவளைப் பார்த்தாலே கை கால் தானாக வேலை செய்யும்.

மதியம் ஆனதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காலேஜ் பிள்ளைகள், பக்கத்து ஆபீஸ்காரர்கள், காய்கறி வாங்க வந்த பெண்கள், ஓசிச் சாப்பாடு என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். 'எந்த உயிரையும் தொடாத சாப்பாடு' என்று பேனரில் பெரிதாக எழுதியிருந்தது.

வாசலில் டெம்போ ஹாரன் கேட்டது.

"லிசா பேட்டி, மகளே! ஒங்கம்மாவைப் பத்திரமாக் கொண்டாந்துட்டேன். ஆனா என்னைச் சாகடிச்சுட்டா!" கரீம் பாட்சா டெம்போவிலிருந்து குதித்தார். "ரம்ஜான் நோன்பு வச்சிருக்கிறவன் முதுகுக்குப் பின்னாடி இப்படியா வாசனை வரும்? சயான் பிரிட்ஜுல வண்டி தானா நின்னுடும்போல இருந்துச்சு."

"நான் மட்டும் என்ன, தின்னுக்கிட்டா வந்தேன்? எனக்கும்தான் ஒருசந்தி." சேசம்மாள் இறங்கினாள். நல்ல சேலை கட்டியிருந்தாள், கோயிலுக்குக் கட்டுகிற சேலை. ஒருசந்தி இருக்கிற நாளில் அவள் மதியம் வரை எதையும் நாக்கில் வைக்க மாட்டாள். உப்புக்கூடப் பார்க்க மாட்டாள். கண்ணாலும் மூக்காலுமே சமைத்து முடித்துவிடுவாள்.

அண்டாக்கள் உள்ளே போயின. மெஹக் ஓடி வந்து சேசம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "ஆண்டி, கமால் கர் தியா!" அசத்திவிட்டாளாம். மூடியைத் திறப்பதற்கு முன்பே பாராட்டு!

"அரே, பஹலே காவோ தோ சஹி," என்றாள் சேசம்மாள், முதலில் சாப்பிட்டுப் பாரேன் என்று. சொல்லும்போதே அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. லிசா அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடைசியாகப் பார்த்தது.

"முதல் தட்டு நம்ம வெங்கடராமன் சாருக்கு," என்று மெஹக் மைக்கில் அறிவித்தாள். கைதட்டல். சோறு, அதன் மேல் பலாக்காய் குழம்பு. வெங்கடராமன் தட்டை மூக்கருகே கொண்டுபோனார்.

"அடடா! என்ன வாசனை இது! எங்காத்துல ஒரு நாளும் வந்ததில்லையே!"

அப்போதுதான் அந்த வாசனை லிசாவிடமும் வந்தது.

தேங்காய், கறிவேப்பிலை, மிளகு. அதற்கும் அடியில் ஒன்று. கொஞ்சம் புகை, கொஞ்சம் கடல். எந்த ஊரில், எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் தூத்துக்குடிப் பக்கம் பூர்வீகமான பிள்ளைக்கு அது தெரியாமல் போகாது.

மாசி!

சூரை மீனை வேகவைத்துக் கட்டைபோலக் காயவைத்த கருவாடு. இடித்து ஒரு பிடி தூவினால் போதும், குழம்பே வேறு குழம்பு.

லிசாவுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. சுத்தபோசன வெள்ளிக்கிழமையில் அந்த வீட்டில் இறைச்சிதான் ஆகாது, மீன் ஆகும். சின்ன வயசிலிருந்து எத்தனை வெள்ளிக்கிழமை அவளே சாப்பிட்டிருக்கிறாள்! மீன் இல்லாவிட்டால் அது வெள்ளிக்கிழமையே இல்லை. 'வெள்ளிக்கிழமைக்கு எப்படி வைப்பியோ அப்படியே வை' என்று கலியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கத்தியது யார்? அம்மா அப்படியே வைத்திருக்கிறாள். பேச்சே இல்லாத இந்த மாசங்களில் மீனும் ஆகாது என்று அவள் அம்மாவிடம் சொன்னதே இல்லை.

வெங்கடராமன் சோற்றைப் பிசைந்து உருட்டிவிட்டார்.

சொல்லாமல் விட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது? பக்கத்தில் அம்மா சேலை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் ஆள் சாப்பிடுவதைப் பார்க்கக் காத்து நிற்கிறாள். கண்ணெல்லாம் வெளிச்சம். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டால் அம்மா லிசாவுக்குத் திரும்பக் கிடைத்துவிடுவாள்.

கவளம் அவர் வாய்க்கு அருகே போனது.

லிசா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"சாப்பிடாதீங்க சார். இதுல மீன் இருக்கு."

"என்னது?" வெங்கடராமன் கையை உதறினார். கவளம் தட்டில் விழுந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அந்தக் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சேசம்மாள் மகளைப் பார்த்தாள். "ஏட்டி, மாசிதான போட்டேன்? வெள்ளிக்கிழமை மாதிரின்னு நீதான சொன்ன?"

"நான்தாம்மா தப்பாச் சொல்லிட்டேன்." லிசா திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து ஹிந்தியில் உரக்கச் சொன்னாள். "தப்பு என்னோடது. எங்க அம்மா மேல ஒண்ணும் இல்ல. எங்க நோன்புக்கு மீன் ஆகும். நான் அதை யோசிக்காம அப்படியே செய்யச் சொல்லிட்டேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "உயிரைத் தொடாத சாப்பாடாம்!" என்று ஒருவர் பேனரைக் காட்டிவிட்டு வெளியே நடந்தார். போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தான் ஒரு காலேஜ் பையன்.

மெஹக் மைக்கை எடுத்தாள். லிசா கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை மாச உழைப்பை ஒரு பிடி கருவாடு தின்றுவிட்டது. திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"வீடியோ எடுக்குறவங்க நல்லா எடுங்க," என்றாள் மெஹக் ஹிந்தியில், நிதானமாக. "எங்க சாப்பாட்டுல தப்பு நடந்துடுச்சு. கண்டுபிடிச்சதும் எங்க ஆளே சொல்லிட்டாங்க. இந்தக் குழம்பு பரிமாற மாட்டோம். பசிக்கிறவங்க இப்போதைக்கு வாழைப்பழம் எடுத்துக்குங்க. கொஞ்சம் நேரம் குடுத்தா வேற ஏதாவது செய்யப் பாக்குறோம். முடியாதவங்க கோபப்படாமப் போயிட்டு, இன்னொரு நாள் வாங்க."

அவ்வளவுதான். யார் மேலும் விரல் நீட்டவில்லை. அந்தப் பையன் போனைக் கீழே இறக்கிவிட்டான்!

லிசா திரும்பினாள். அம்மாவைக் காணவில்லை.

ஹால் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள் சேசம்மாள். டெம்போ பக்கம் பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டி.

"அம்மா."

"போடி. கரீமைக் கூப்பிடு. வீட்டுக்குப் போவோம்."

"அம்மா, தப்பு என்னோடதுன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன்லா?"

"நீ சொன்னா? பார்த்தவுக எல்லாரும் என்னைத்தான பாத்தாக! கருவாட்டுக்காரி வந்து கெடுத்துட்டான்னு." குரல் உடைந்தது. "கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குள்ள வச்சு என் சோத்தை வேண்டாம்ன. இன்னைக்கு ஊரைக் கூட்டி வச்சு வேண்டாம்ன. வாயை மூடிட்டு இருந்தா என்ன கெட்டுப்போச்சு? யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதும்மா."

"அப்புறம்?"

லிசா படியில் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த சார் பொறந்ததுல இருந்து தொட்டது கிடையாதும்மா. பாலை வேற விட்டுட்டு தினமும் அல்லாடுறாரு. ஒன்னைய நம்பி, என்னைய நம்பி, கண்ணை மூடிட்டு வாய்கிட்ட கொண்டுபோயிட்டாரு. எனக்கு அதைப் பாத்துட்டு நிக்க முடியல."

சேசம்மாள் மெதுவாகத் திரும்பினாள். அவள் முகத்தில் இப்போது வேறு ஒரு பயம்.

"வாயில வச்சிட்டாரா?"

"இல்லம்மா. கையைப் புடிச்சிட்டேன்."

"நல்லாப் பாத்தியா? நாக்குல படலையே?"

"படல."

"மாதாவே!" சேசம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டாள். "ஒருசந்தி அன்னைக்கு எவளாவது எனக்குத் தெரியாம என் தண்ணியில கறிச்சாறைக் கலந்து குடுத்தா, அவளை நான் சும்மா விடுவனா? நானே ஒரு மனுசன் நோன்பை முறிக்கப் பாத்தேனே!"

அவள் எழுந்துவிட்டாள். எழுந்த வேகத்தில் முந்தானையை இழுத்துச் செருகினாள். லிசாவுக்கு அந்தச் செருகல் தெரியும். அதற்குப் பிறகு அம்மாவை யாராலும் நிறுத்த முடியாது.

"பாயாசத்துக்கு எடுத்து வச்ச தேங்காப்பால் அப்படியே இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"மாட்டுங்காவுல என்ன காய் வாங்கின?"

"பீன்ஸ், கேரட், முருங்கைக்காய், உருளை... அழகுக்கு வைக்கலாம்னு."

"அழகு கெடக்கட்டும். வா, தேங்காப்பால்ல சொதி வைப்போம்."

அடுத்து நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஹாலின் கல்யாண அடுப்பு பற்றிக்கொண்டது. சேசம்மாள் நடுவில் நின்று உத்தரவு போட, பச்சைச் சட்டைகள் எல்லாம் தரையில் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்கின. மெஹக் இஞ்சி தட்டினாள். பாயாசத்துக்கு வைத்திருந்த பாசிப்பருப்பு கொதித்தது. பாத்திரங்களை எல்லாம் லிசா புதிதாகத் தேய்த்துக் கழுவினாள், ஒன்றுக்கு இரண்டு தடவை.

வெங்கடராமன் கையை நன்றாகக் கழுவிவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தார். சேசம்மாள் கரண்டியை வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"ஐயா, தெரியாமச் செஞ்சிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"உங்க பொண்ணு என் கையைப் பிடிச்சா பாருங்கோ, அது போதும் எனக்கு." அவர் கொஞ்சம் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. அந்த வாசனைக்கு நான் 'அடடா'ன்னது வாஸ்தவம். எங்காத்துல மட்டும் சொல்லிடாதீங்கோ."

சேசம்மாள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அண்டாவைச் சுற்றி இருந்தவர்களுக்குக் காரணம் தெரியாமலே சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"சிரிச்சது போதும். கையில தெம்பு இருக்கா? இன்னும் நாலு தேங்கா பிழியணும்."

"இன்ஷூரன்ஸ்ல பாலிசி பிழிஞ்ச கை இது, கொடுங்கோ!"

சொதி இறங்கியபோது வந்தவர்களில் பாதிப் பேர் போயிருந்தார்கள். மிச்சம் இருந்த பாதி, மணம் பிடித்து அடுப்படி வாசல் வரை வந்து நின்றது. இந்தத் தடவை மெஹக் முதல் தட்டை யாருக்கும் அறிவிக்கவில்லை. சுடச்சுடச் சோறும் சொதியும் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, சேசம்மாளிடம் நீட்டினாள்.

"ஆண்டி, நீங்க முதல்ல. காலையிலேர்ந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல. தூங்காம இருக்கிற எனக்குப் பசியோட இருக்கிறவங்க முகம் தெரியாதா?"

சேசம்மாள் தட்டை உடனே வாங்கவில்லை. அந்தச் சிவந்த கண்களைப் பார்த்தாள். வீட்டில் எல்லாரையும் சாப்பிட்டாயா என்று கேட்பவள் அவள்தான், அவளை யாரும் கேட்டதில்லை. இவள் முகம்கூடக் காலையில் தெரியாது.

வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி," என்று அறிவித்தாள்.

அதன் பிறகு அண்டா காலியாகும்வரை யாரும் பேசவில்லை. முதலில் வீடியோ எடுத்த பையன் மூன்றாம் முறை தட்டை நீட்டினான். அடுத்த வெள்ளிக்கிழமை நண்பர்களையும் கூட்டி வரலாமா என்று அவனே கேட்டான்.

மாசிக் குழம்பு மூடிய அண்டாவில் அப்படியே ஓரமாக இருந்தது. அதை என்ன செய்வது என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. கரீம் பாட்சாதான் தலையைச் சொறிந்தார்.

"மேடம், கொட்டிராதீங்க. எங்க கலியில நோன்பு தொறக்க எல்லாரும் ஒண்ணா உக்காருவோம். நான் கொண்டு போறேன்."

மெஹக் லிசாவைப் பார்த்தாள், லிசா மெஹக்கைப் பார்த்தாள். "கொட்டினா மட்டும் அந்த மீன் எழுந்து நீந்தவா போகுது," என்றாள் மெஹக் பெருமூச்சோடு. "கொண்டு போங்க, பாய். சாப்பிடும்போது எங்களையும் நினைச்சுக்குங்க."

வெயில் தாழ்ந்தபோது டெம்போ தாராவிக்குத் திரும்பியது. அம்மாவும் மகளும் பின்னால் காலி அண்டாக்களுக்கும் மூடிய மாசிக் குழம்புக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் மூடிகள் குலுங்கின. சேசம்மாள் ஒரு கையால் மூடியையும் மறு கையால் மகளின் தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"வாரா வாரம் வெள்ளிக்கிழமை வரச் சொல்லுதா அந்த மெஹக் பிள்ளை."

லிசா துள்ளி நிமிர்ந்தாள். "நீ என்னம்மா சொன்ன?"

"எம் மககிட்ட ஒண்ணு கேக்கணும், கேட்டுட்டுச் சொல்லுதேன்னேன்."

"என்கிட்டயா? என்னம்மா, சொல்லு, எதுன்னாலும் சரி!"

"எதுன்னாலும் சரின்னு சொல்லாத. கேட்டுட்டுச் சொல்லு." சேசம்மாள் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஈஸ்டர் அன்னைக்கு ஆட்டுக்கறி வைப்பேன். ஒங்கப்பன் தம்பி வீட்டு ஆளுக வருவாக, அதை என்னால நிப்பாட்ட முடியாது. எனக்கும் மனசு வராது. நீ திங்க வேண்டாம். ஒனக்குத் தனியா சொதி வச்சுத் தாரேன், கறியோட கரண்டிகூட அதுல படாது. ஆனா அடுப்படியில என் பக்கத்துல வந்து நில்லு. மசாலா அரைச்சுக் குடு. நான் அசந்தா கறியைக் கிண்டு. சின்னதுல இருந்து நீ நிக்காம நான் ஒரு ஈஸ்டருக்கும் கறி வச்சதில்ல."

லிசா குலுங்கிய இன்னொரு மூடியை இறுக்கிப் பிடித்தாள்.

"நான் இன்னைக்கு ஒன் அடுப்புல வந்து நின்னேன். நீ என் அடுப்புல வந்து நிப்பியா?"

டெம்போ சயான் சிக்னலில் நின்றது. கரீம் பாட்சா முன்னால் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். லிசா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தெருவைப் பார்த்தாள். பதில் வரும்வரை திரும்புவதாக இல்லை.

நின்றால், ஸ்டேஷன் வாசலில் அவள் இத்தனை நாள் சொன்னதற்கு என்ன அர்த்தம்? அந்தக் கரண்டியைப் பிடித்த கையோடு வெங்கடராமன் சார் முகத்தில் எப்படி விழிப்பாள்? நிற்காவிட்டால், தன் சமையலையே மாற்றிக்கொண்டு மகள் பின்னால் செம்பூர் வரை வந்த இந்த அம்மாவுக்கு என்ன பதில்?

எழுதுகிற எனக்கே சத்தியமாகத் தெரியவில்லை. காலையில் ஒன்று தோன்றுகிறது, சாயங்காலம் வேறொன்று தோன்றுகிறது. நீங்கள் சொல்லுங்கள், அந்த ஈஸ்டர் காலையில் லிசா அம்மா பக்கத்தில் போய் நிற்கலாமா, கூடாதா?